காலையில் பத்து நிமிடம்கூடக் கிடைக்காத ஆண்கள் தினமும் நேர்த்தியாக இருக்க என்ன செய்யலாம்?

கேள்வி கேட்டவர் காலை ஏழு மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்புகிறவராம். வீடியோக்களில் ஃபேஸ் வாஷ், டோனர், சீரம் என்று ஏழெட்டு பாட்டில் காட்டுகிறார்கள், அதில் எது அவசியம், எதை விட்டுவிடலாம் என்று கேட்டிருக்கிறார். முதலில் நல்ல பருத்தித் துண்டு இரண்டு வாங்குங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நான் மன்னார்குடிக்காரன். கோட்டூர்ப் பக்கம் ஒரு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர். ஈரம் பார்ப்பதுதான் என் பிழைப்பு. களத்தில் கொட்டிக் கிடக்கிற குவியலிலிருந்து ஒரு கை நெல்லை அள்ளி மெஷினில் போட்டால் 17 சதவீதத்துக்குள் காட்ட வேண்டும். தாண்டினால், "இன்னும் ஒரு வெயில் காட்டி எடுத்துட்டு வாங்கண்ணே" என்று சொல்ல வேண்டும். குறுவை அறுப்பும் மழையும் ஒன்றாக வந்து நிற்கிற ஐப்பசியில் இந்த வார்த்தையைச் சொல்கிறவன் நிலைமை எப்படி இருக்கும் என்று டெல்டாக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஊரார் நெல்லுக்கெல்லாம் ஈரம் பார்த்த நான் என் உடம்பில் பார்க்காமல் விட்டேன்.

ஒரு வருஷம் அப்படித்தான் நல்ல மழை. நனைந்த ஜீன்ஸோடு பைக்கில் போய், அதே ஜீன்ஸோடு நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து சிட்டை எழுதுவேன். தொடை இடுக்கில் எட்டணா அளவுக்கு ஒரு வட்டம் வந்தது. ஓரம் சிவந்து தடித்திருக்கும், நடுவில் தோல் சாதாரணமாக இருக்கும். படர்தாமரை. இதை யாரிடம் காட்டுவது என்ற வெட்கத்தில் ஒரு மெடிக்கலில் வாயால் சொல்லி ட்யூப் வாங்கினேன். மூன்றே நாளில் அரிப்பு நின்றது. ஆகா, என்ன மருந்து என்று நாலு பேருக்குச் சிபாரிசு வேறு செய்தேன். நிறுத்திய பத்தாம் நாள் திரும்ப வந்தது. மறுபடி ட்யூப். தை பிறப்பதற்குள் இடுப்பைச் சுற்றி ஏறிவிட்டது. பையனுக்குக் கழுத்தில் ஒன்று.

அப்புறம்தான் வடுவூர் வழி பஸ் பிடித்துத் தஞ்சாவூரில் ஒரு தோல் டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவர் புண்ணைப் பார்ப்பதற்கு முன்னால், "போட்ட ட்யூப்பை எடுங்க" என்றார். பாதி நசுங்கியிருந்ததை நீவி விட்டு, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தார். குளோபெட்டசால் என்று இருந்தது.

"இது ஸ்டீராய்டு. கூடப் பூஞ்சை மருந்தையும் கலந்திருக்காங்க. அரிப்பும் சிவப்பும் அடங்கிடும், நீங்க ஆறிடுச்சுன்னு நெனச்சுக்குவீங்க. படர்தாமரைப் பூஞ்சை உள்ளுக்குள்ள பரவிக்கிட்டே இருக்கும்."

தலையாட்டினேன். அடுத்து கேட்டார்: "வீட்டுல துண்டு எத்தனை?"

"நாலு பேருக்கு ரெண்டு மேடம்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. சீட்டில் மருந்துக்கு மேலே முதல் வரியாக 'தனித் துண்டு' என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

இந்த வகை ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு விதியை இறுக்கிவிட்டது. ஆனாலும் கிடைக்கிறது, நாமும் வாங்குகிறோம். ட்யூப்பைத் திருப்பிப் பாருங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் படர்தாமரைக்கு நீங்களாகப் போடாதீர்கள். இன்னொன்று, வட்டம் மறைந்துவிட்டது என்று பாதியில் மருந்தை நிறுத்தவும் கூடாது. எனக்கு இரண்டு மாதத்துக்குப் பக்கம் ஆனது.

சரி, தினசரி விஷயத்துக்கு வருகிறேன். காலையில் நேரமில்லாதவன் காலையில் எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது. நான் பாதி வேலையை ராத்திரிக்குத் தள்ளிவிட்டேன்.

ராத்திரிக் குளியல்தான் எனக்கு முக்கியம். எங்களுக்கு வியர்வையோடு நெல் சுணையும் சேர்ந்துகொள்ளும். கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் ஒட்டிக்கொண்டு ஊசி மாதிரி குத்தும். அதைக் கையால் தேய்த்தீர்களோ, தோலுக்குள் ஏற்றிவிடுவீர்கள். சட்டையை வாசலிலேயே கழற்றி உதறிவிட்டு, தலையை ஒருதடவை வறட்டுச் சீப்பால் வாரிவிட்டு, முதல் நாலு சொம்புத் தண்ணீரைத் தேய்க்காமல் சும்மா ஊற்ற வேண்டும். சோப்பு அதற்கப்புறம். ஆபீஸ் வேலைக்காரர்களுக்குச் சுணை இருக்காது, ஆனால் பஸ் தூசியும் ஹெல்மெட் வியர்வையும் இருக்குமே, அதற்கும் ராத்திரிக் குளியல் நல்லதுதான்.

சோப்பு எதுவானாலும் உறையில் டி.எஃப்.எம்., அதாவது மொத்தக் கொழுப்புப் பொருள், எவ்வளவு என்று பாருங்கள். 76 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் முதல் தரம். 'பாத்திங் பார்' என்று போட்டிருப்பவை வேறு கணக்கு, அவற்றில் இது குறைவாகவே இருக்கும். வேதாரண்யம், நாகப்பட்டினம் கடலோரப் பக்கம் உப்புத் தண்ணீரில் குளிப்பவர்களுக்கு எந்தச் சோப்பும் லேசில் நுரைக்காது. நுரை வரவில்லையே என்று மேலும் மேலும் தேய்த்தால் தோல்தான் வெளுத்து வறண்டு போகும். கொள்ளிடத்துத் தண்ணீர் குழாயில் வருகிற வீடென்றால் கடைசி இரண்டு சொம்பை அதில் ஊற்றிக்கொள்ளுங்கள்.

பிறகு துடைப்பது. நம்மில் பெரும்பாலானோர் முதுகையும் தலையையும் துடைத்துவிட்டு ஈர இடுக்கோடு ஜட்டியை மாட்டிவிடுகிறோம். அக்குள், தொடை இடுக்கு, கால் விரல்களுக்கு நடுவே, காதுக்குப் பின்னால், இந்த நாலு இடத்தையும் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். அப்புறம் கைலியோடு ஒரு நிமிடம் ஃபேனுக்குக் கீழே நில்லுங்கள். என் மனைவி இதைப் பார்த்துவிட்டு, "என்னங்க, நெல்லு மாதிரி உங்களையும் காய வைக்கிறீங்களா?" என்று கேட்டாள். அதேதான்.

துர்நாற்றத்துக்கும் இங்கேயேதான் மருந்து. புதிதாக வருகிற வியர்வைக்குப் பெரிதாக வாடை கிடையாது. தோலில் இருக்கிற பாக்டீரியா அதைச் சிதைக்கும்போதுதான் நாறுகிறது. டியோடரன்ட் பெரும்பாலும் வாடையைத்தான் பார்த்துக்கொள்ளும். வியர்வையே குறைய வேண்டுமென்றால் ஆன்டிபெர்ஸ்பிரன்ட் என்று எழுதியிருப்பது வேண்டும், அதில் அலுமினிய உப்பு இருக்கும். அதைக் காலையில் வியர்த்த அக்குளில் பூசிப் பிரயோசனமில்லை. ராத்திரி, காய்ந்த தோலில் பூசிவிட்டுப் படுக்க வேண்டும். இது எனக்கு நாற்பது வயதில்தான் தெரிந்தது. அதுவரை சென்ட்டை வியர்வைக்கு மேலேயே அடித்துக்கொண்டு, பஸ்ஸில் பக்கத்து சீட்காரருக்கு இரண்டு வாடையையும் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ராத்திரி பல் விளக்குவதை விடாதீர்கள், காலையில் விட்டாலும் பரவாயில்லை என்பேன். (விடாதீர்கள்.) கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்ததில் எனக்கும் பெருமைதான். ஆனால் சீவலும் சுண்ணாம்பும் சேர்ந்து பல்லில் ஏறிய கறையைப் பிரஷ் எடுக்காது, பல் டாக்டரிடம்தான் போக வேண்டும். சீவலே வாய்க்கு ஆகாது, புகையிலையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இப்போது காலைக்கு மிச்சமிருப்பது கொஞ்சம்தான். முகம் கழுவு, ஒருநாள் விட்டு ஒருநாள் சவரம், சன்ஸ்கிரீன், தலை வாரு, கிளம்பு. எனக்கு எட்டு நிமிடம்.

சவரத்தை முகம் கழுவிய கையோடு, முடி நனைந்து மெத்தென்று இருக்கும்போது செய்யுங்கள். முடி சாய்ந்திருக்கிற திசையிலேயே இழுங்கள். மொழுமொழுவென்று வர வேண்டும் என்று எதிர்த்திசையில் இழுத்தால் சுருட்டை முடிக்காரர்களுக்குக் கழுத்தில் பொரிப்பொரியாக வரும். அப்படி வருகிறவர்கள் பிளேடையே விட்டுவிட்டு டிரிம்மருக்கு மாறுவது மேல். வெட்டிக்கொண்டால் படிகாரக் கல் போதும், எரியும், நிற்கும். சலூனில் உட்கார்ந்ததும் புது பிளேடு மாட்டுகிறாரா என்று பாருங்கள். கேட்கச் சங்கடமாக இருந்தால், "அண்ணே, பிளேடு புதுசுதானே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிடலாம், யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

வீடியோக்காரர்கள் காட்டுகிற பாட்டில்களில் நான் வைத்துக்கொண்டது சன்ஸ்கிரீன் ஒன்றைத்தான். பைக் ஓட்டுகிறவர் சட்டையைக் கழற்றிப் பாருங்கள், முழங்கைக்கு மேலே ஒரு ஆள், கீழே ஒரு ஆள். எஸ்.பி.எஃப். 30 போதும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். பொட்டு வைக்கிற அளவு தடவிவிட்டு வேலை செய்யவில்லை என்று சொல்லக் கூடாது. டோனர், சீரம் எல்லாம் ஆசையிருந்தால் வாங்குங்கள், நேர்த்திக்கு அவசியமில்லை.

தலையில் பொடுகு இருந்தால் எண்ணெயை அப்பாதீர்கள். எங்கள் அம்மா இன்றைக்கும், "எண்ணெ வைக்காமத்தாண்டா உதிருது" என்பார். பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்கு எண்ணெய்ப் பசைதான் தீனி. கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பு, வாரம் இரண்டு நாள், போட்டதும் அலசாமல் ஐந்து நிமிடம் விட வேண்டும். ஹெல்மெட்டுக்குள் இருக்கிற பஞ்சுத்துணி கழற்றக்கூடியதாக இருந்தால் மாதம் ஒருதடவை துவையுங்கள். நான் முதல்முறை துவைத்த தண்ணீர் டீ டிகாஷன் நிறத்தில் இருந்தது.

காலுக்கு ஒரு வரி. வயலில் இறங்குகிறவர்களுக்குச் சேற்றுப்புண் வந்தால், ஷூ போடுகிறவர்களுக்கும் அதே விரலிடுக்கில் வேறு பெயரில் வருகிறது. இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுங்கள், ஈர சாக்ஸை மறுநாள் எடுக்காதீர்கள்.

கடைசியாக, அடைமழையில் துண்டும் உள்ளாடையும் எங்கே காயும் என்று கேட்பீர்கள். வெயில் இருக்கிற நாளில் உள்பக்கம் திருப்பிப் போட்டால் போதும். மழை நாளில் அயர்ன் பாக்ஸ்தான், தையல் மடிப்புகளில் நிறுத்தித் தேய்க்க வேண்டும். கரண்ட் போய்விட்டால்? நான் சமையலறையில் அடுப்புக்கு எதிர்ச் சுவரில் ஒரு நைலான் கயிறு கட்டிப் பார்த்தேன். துணி நன்றாகத்தான் காய்ந்தது. "சோறு வடிக்கிற எடத்துல ஜட்டியா?" என்று அன்றைக்கே கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். வேறு யோசனை இருந்தால் கருத்தில் எழுதுங்கள்.