நீடாமங்கலம் கேட்டில் கொதித்த காரும் நூறு மாடிக் கட்டிடத்தின் சில்லரும்

கேள்வி இது: "நீங்கள் வைத்திருந்த கார்களில் உங்களை அதிகமாக நடுரோட்டில் நிறுத்தியது எது? ஒரு கார் எஞ்சினையே சூடாகாமல் பார்த்துக்கொள்ள முடியவில்லையே, நூறு மாடிக் கட்டிடத்தை எப்படித்தான் குளிர வைக்கிறார்கள்?"

இரண்டாவதை விளையாட்டாகச் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆனால் வளைகுடாவில் உயரமான கட்டிடங்களின் சில்லர் பிளான்ட்டில், அதாவது கட்டிடம் முழுவதையும் குளிர வைக்கும் இயந்திரக் கூடத்தில், வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, ஒரு பழைய டீசல் காரை வாங்கி மன்னார்குடிக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் அதனோடு மல்லுக்கட்டியவன் நான். எனக்கு இரண்டும் ஒரே கேள்விதான். உள்ளே இருக்கும் சூட்டை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது, அதற்கான ஏற்பாட்டில் ஒன்று கெட்டால் என்ன ஆகும், அவ்வளவுதான் விஷயம்.

காரின் கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. அதே மாடலை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். வண்டி ஓடும்போது ஒரு குறையும் கிடையாது, வலங்கைமான் தாண்டி நல்ல வேகத்தில் போனாலும் சூடு காட்டும் முள் பாதியில் அசையாமல் நிற்கும். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றால்தான் வேலையைக் காட்டும். அந்தக் கேட்டைப் பற்றி டெல்டாக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: நெல் மூட்டை ஏற்றும் கூட்ஸ் வண்டி முன்னே போய்ப் பின்னே வந்து ஒரு வழியாக நகர்வதற்குள் இரண்டு பக்கமும் பஸ்ஸும் லாரியும் டிராக்டருமாக அடைத்துக்கொள்ளும், கடலை விற்பவர் ஒரு சுற்று முடித்து மறுபடியும் உங்கள் ஜன்னலுக்கு வந்துவிடுவார். ஏசி ஓடிக்கொண்டிருக்கும், முள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், ஏசிக் காற்று வெதுவெதுப்பாக மாறும், அப்புறம் பானெட் இடுக்கில் ஆவி.

இந்த அறிகுறியைக் கவனியுங்கள், பழைய கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் உதவும். ஓடும்போது சரியாக இருந்து நின்றால் சூடானால் ரேடியேட்டர் வழியாகக் காற்று போகவில்லை என்று அர்த்தம், ஃபேனைப் பாருங்கள். நின்றால் சரியாக இருந்து வேகத்திலோ பாரத்திலோ சூடானால் ரேடியேட்டருக்குள் அடைப்பு, அல்லது வாட்டர் பாடி (தண்ணீரைச் சுற்றவிடும் பம்ப்) தேய்ந்திருக்கிறது, அல்லது ஹெட் கேஸ்கட் (எஞ்சினுக்கும் அதன் மேல்பாகமான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது. ஏசி போட்டால் மட்டும் ஏன் சீக்கிரம் ஏறுகிறது? ஏசியின் கண்டென்சர் ரேடியேட்டருக்கு நேர் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. காருக்குள்ளிருந்து எடுத்த சூட்டை அது காற்றில் கொட்ட, அந்தச் சூடான காற்றைத்தான் ரேடியேட்டர் வாங்குகிறது. ஃபேன் ஒழுங்காகச் சுற்றும்வரை இது பிரச்சினையே இல்லை.

எங்கள் வண்டியில் முதலில் ஃபேன் ரிலே, அதாவது ஃபேனுக்கு மின்சாரம் விடும் சுவிட்ச், போயிருந்தது. விரல் நுனி அளவு சாமான், விலையும் அற்பம், அது போனால் முழு வண்டியும் ரோட்டோரம். அதை மாற்றிய பிறகும் தொல்லை பாதிதான் குறைந்தது. மீதிப் பாதிக்குக் காரணம் நம் ஊர்தான். தை மாசியில் சம்பா அறுவடை, பங்குனி சித்திரையில் உளுந்தும் பயறும், எல்லாவற்றையும் ரோட்டில் பரப்பிவிடுகிறார்கள், போகிற வண்டியே அடித்துக் கொடுத்துவிடும் என்று. (விவசாயியைக் குறை சொல்லவில்லை, களம் இருந்தால் அவர் ஏன் ரோட்டுக்கு வருகிறார்.) அந்தத் தூசியும் பதரும் கிரில் வழியாக உள்ளே போகின்றன. முன்பக்கமிருந்து பார்த்தால் கண்டென்சர் சுத்தமாகத்தான் தெரியும். கும்பகோணத்துப் பட்டறையில் கண்டென்சரைக் கழற்றி நகர்த்தியபோதுதான் அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருந்ததைப் பார்த்தேன்: உளுந்துச் சருகு, நெல் பதர், செத்த தட்டான்கள், எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டி ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருந்தன. கையாலேயே பிய்த்து எடுத்தார்கள். அதன் வழியாக எந்த ஃபேன் காற்றை இழுக்கும்?

வண்டியை முன்பு வைத்திருந்தவர் இன்னொரு கைங்கரியமும் செய்திருந்தார், தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்திருந்தார். நம் பக்கத்தில் இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. "நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு தம்பி, கழட்டிட்டா தண்ணி ஃப்ரீயா ஓடும்" என்று பட்டறையிலும் சொன்னார்கள். சரியில்லை. அந்த வால்வு 80 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே போனதும் திறக்கும், எஞ்சின் தனக்கு வேண்டிய சூட்டுக்குச் சீக்கிரம் வருவதற்காக வைத்தது. சில எஞ்சின்களில் அது திறக்கும்போதே பைபாஸ் வழியையும் மூடும். அதைக் கழற்றினால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும், சூடு குறைவதற்குப் பதில் ஏறும். புதிது வாங்கிப் போடச் சொன்னேன், மெக்கானிக் முணுமுணுத்துக்கொண்டே போட்டார்.

போர் தண்ணீர் ஊற்றுவது இன்னொரு கொடுமை. வேதாரண்யம், நாகை பக்கமெல்லாம் நிலத்தடி நீரில் உப்பு அதிகம், ரேடியேட்டர் குழாய்க்குள் அது என்ன செய்யும் என்று தனியாகச் சொல்ல வேண்டாம். கூலன்ட் ஊற்றுங்கள். வழியில் வேறு கதியில்லை என்றால் வாய்க்கால் தண்ணீர் பரவாயில்லை, ஆனால் ஊருக்கு வந்ததும் வடித்துவிடுங்கள். மூடியை மட்டும் சூடாக இருக்கும்போது திறக்காதீர்கள். அது சும்மா மூடி இல்லை, உள்ளே சுமார் 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்து, தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120 டிகிரிவரை தாக்குப்பிடிக்க வைக்கிறது. திறந்த நொடியில் அழுத்தம் போய் மொத்தமும் கொதித்து முகத்தில் அடிக்கும்.

கேட்டில் மாட்டிக்கொண்டு முள் ஏறினால் செய்ய வேண்டியது: ஏசியை அணைத்துவிட்டு ஹீட்டரை முழுதாகத் திறந்து, அதன் ஃபேனைக் கடைசிவரை வையுங்கள். டெல்டாவில் கார் வைத்திருக்கும் முக்கால்வாசிப் பேர் அந்தச் சிவப்புப் பக்கத்தைத் தொட்டே இருக்கமாட்டார்கள். காரின் ஹீட்டர் தனியாக எரியும் அடுப்பு இல்லை, எஞ்சினின் சூடான தண்ணீர் டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர் வழியாகப் போகிறது, அவ்வளவுதான். அதைத் திறந்தால் எஞ்சினுக்கு இன்னொரு ரேடியேட்டர் கிடைக்கிறது. சித்திரை வெயிலில் முகத்தில் அனல் அடிக்கும், வீட்டில் இருப்பவர்கள் திட்டுவார்கள், ஹெட் தப்பிக்கும். அப்படியும் முள் சிவப்புக்கே போனால் எஞ்சினை நிறுத்திவிடுங்கள், வேறு பேச்சே வேண்டாம்.

சித்தப்பா ஒரு பழைய பெட்ரோல் கார் வைத்திருந்தார், அதன் வியாதி வேறு. சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி பம்ப் இழுக்க முடியாமல் நின்றுவிடும், பம்ப்மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருப்பார்கள். இதற்காகவே டிக்கியில் ஒரு துண்டு இருக்கும். டேங்கிலேயே மின்சார பம்ப் வைத்து அழுத்தத்தோடு தள்ளும் இன்றைய வண்டிகளில் இந்தக் கதை முடிந்துவிட்டது.

சரி, கட்டிடம்.

கார் எஞ்சினுக்கு ஒரு வசதி உண்டு. அது 90 டிகிரியில் இருக்கிறது, வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் 40தான், சூடு தானாகவே வெளியே போகும், காற்றைத் தள்ளிவிட்டால் போதும். கட்டிடத்துக்கு நிலைமை தலைகீழ். உள்ளே 24 வேண்டும், வளைகுடாவில் வெளியே 45. சூடு உள்ளேதான் வர ஆசைப்படும். அதை எதிர்த்திசையில் தள்ளத்தான் கம்ப்ரஸர். தத்துவம் உங்கள் வீட்டு ஏசியில் இருப்பதேதான், ஆனால் உயரமான கட்டிடத்தில் மாடி மாடியாக கேஸை ஓட்டுவதில்லை, தண்ணீரைத்தான் ஓட்டுகிறார்கள். சில்லர் என்ற பெரிய இயந்திரம் தண்ணீரை 6, 7 டிகிரிக்குக் குளிர வைக்கும், அது குழாயில் மாடிதோறும் போய் அங்குள்ள காற்றின் சூட்டை வாங்கிக்கொண்டு 12, 13 டிகிரியாகத் திரும்பும். அந்தச் சூட்டைச் சில்லர் இன்னொரு தண்ணீர்ச் சுற்றுக்கு மாற்றும், அது கூலிங் டவருக்குப் போய்த் தூவப்பட்டு, ஒரு பங்கு ஆவியாகி மீதியைக் குளிர வைக்கும். ஒரு லிட்டர் ஆவியாகும்போது ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. 1,000 டன் பிளான்ட் (வீட்டு ஏசிக்குச் சொல்லும் அதே டன்தான், எடை இல்லை, குளிரூட்டும் திறன்) முழு வேகத்தில் ஓடினால் மணிக்குச் சுமார் 6,000 லிட்டர் இப்படியே வானத்துக்குப் போய்விடும். காற்றில் ஈரம் அதிகமான நாட்களில் தண்ணீர் ஆவியாக மறுக்கும், வெயில் குறைவாக இருந்தும் பிளான்ட் திணறும். புழுக்கமான ஆடி இரவில் நமக்கு வியர்வை காயாததும் இதே காரணத்தால்தான்.

உயரம்தான் உண்மையான தலைவலி. பலரும் பம்ப் அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீரை ஏற்றுவதுதான் கஷ்டம் என்று நினைக்கிறார்கள். அது மூடிய சுற்று, இறங்கும் தண்ணீரின் எடை ஏறும் தண்ணீரைச் சமன் செய்துவிடும், பம்ப் ஜெயிக்க வேண்டியது குழாயின் உராய்வை மட்டும். பிரச்சினை அடியில் இருக்கிறது. 10 மீட்டர் நீர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார். ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 236 அடி, அந்த உயரத்துக்கே 7 பார் வந்துவிடும். 828 மீட்டர் உயர புர்ஜ் கலீஃபாவில் ஒரே குழாயை மேலிருந்து கீழே விட்டால் அடியில் 80 பார், சாதாரண வால்வுகளும் பம்ப்புகளும் தாங்குவது 16, 25 பார்தான். அதனால் நடுநடுவே இயந்திரங்களுக்கென்றே மாடிகளை ஒதுக்கி, அங்கே ஹீட் எக்ஸ்சேஞ்சர் வைத்துச் சுற்றைத் துண்டித்துவிடுகிறார்கள். கீழ்ச்சுற்றுத் தண்ணீரும் மேல்சுற்றுத் தண்ணீரும் மெல்லிய உலோகத் தகட்டுக்கு இரு பக்கமும் ஓடும், குளிர்ச்சி மட்டும் கைமாறும், அழுத்தம் மாறாது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒரு டிகிரி அளவுக்கு நஷ்டம் உண்டு. புர்ஜ் கலீஃபாவில் இரண்டு மாடி உயரத்தில் இப்படி ஏழு இயந்திரத் தளங்கள் இருக்கின்றன. ஏசியில் வடியும் தண்ணீரையும் அங்கே வீணாக்குவதில்லை, ஆண்டுக்குச் சுமார் 1.5 கோடி காலன் சேர்த்துத் தோட்டத்துக்கு விடுகிறார்கள்.

நான் அதிகம் அல்லாடியது வேறொரு விஷயத்தில், நம் ஊர்க்காரர்களுக்கு அது சட்டென்று புரியும்: கடைமடைப் பிரச்சினை. பம்ப்புக்குப் பக்கத்து மாடிக்காரர் வால்வை முழுதாகத் திறந்துவைத்தால் தண்ணீர் அங்கேயே பாய்ந்துவிடும், கடைசி மாடியின் மூலை அறைக்கு வரும்போது ஓட்டமே இருக்காது. கல்லணையில் திறந்த தண்ணீர் வேதாரண்யம் பக்கம் போய்ச் சேராத அதே கதை. இங்கே மதகு, அங்கே பேலன்ஸிங் வால்வு. கட்டிடம் தொடங்கும்போதே ஒவ்வொரு கிளைக்கும் இவ்வளவு என்று அளந்து வால்வைத் திருகி, பூட்டி வைப்பார்கள். அப்புறம் எவனாவது ஒருவன் தன் மாடியில் குளிர் போதவில்லை என்று சாவியை வாங்கிப் போய் இரண்டு திருகு திருகிவிடுவான், எங்களுக்கு மூலை அறையிலிருந்து போன் வரும். சில்லரைக் குற்றம் சொல்வார்கள், சில்லர் பாவம் 6.5 டிகிரியில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும்.

குளிர் நாடுகளில் சூடேற்றுவது பற்றியும் ஒரு வார்த்தை. நியூயார்க்கின் மன்ஹாட்டனில் 1882 முதல் தெருவுக்கடியில் குழாய் போட்டு நீராவி விற்கிறார்கள், எம்பயர் ஸ்டேட் கட்டிடமும் அந்த நீராவியில்தான் சூடேறுகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், வெளியே பனி கொட்டும்போதும் பெரிய கட்டிடங்களின் நடுப்பகுதிக்குக் குளிரூட்டல்தான் தேவைப்படும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு ஆளே ஏறக்குறைய 100 வாட் சூட்டை வெளியிடுகிறார், கம்ப்யூட்டர், விளக்கு எல்லாம் அதற்கு மேல். அந்தச் சூடு கண்ணாடிச் சுவர்வரை போய்ச் சேராது. அதனால் ஓர அறைகளுக்குச் சூடு, நடு அறைகளுக்குக் குளிர், ஒரே மாடியில் ஒரே நேரத்தில். புத்திசாலியான கட்டிடங்கள் நடுவில் எடுத்த சூட்டையே ஓரத்துக்கு அனுப்புகின்றன, கார் ஹீட்டர் எஞ்சின் சூட்டைத் திருப்பிவிடுவதைப் போலவே.

இவ்வளவு சிக்கலான ஏற்பாடு ஏன் உங்கள் காரைப் போல நடுவில் நின்றுபோவதில்லை? சில்லர் ஒன்றும் தெய்வீக இயந்திரம் இல்லை, அதுவும் கெடும், நான் பார்க்க நிறையக் கெட்டிருக்கிறது. ஆனால் இரண்டு பம்ப் போதும் என்ற இடத்தில் மூன்று இருக்கும், ஒன்று ஓய்வில். எது ஓய்வில் இருப்பது என்பதையும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள், இல்லாவிட்டால் தேவைப்படும் நாளில் அது கிளம்பாது. இரண்டு மணிக்கொரு முறை ஒரு ஆள் அழுத்தமும் சூடும் எழுதுவான், கூலிங் டவர் தண்ணீரை வாராவாரம் சோதிப்பார்கள். காரில் ஒரே வாட்டர் பாடி, ஒரே தெர்மோஸ்டாட், என் வண்டியில் ஒரே ஃபேன். ஸ்டாண்ட்பை வைக்க இடமும் இல்லை, காசும் கட்டாது, முள் சிவப்புக்குப் போகும்வரை நாமும் அதைப் பார்ப்பதில்லை.

பழைய கார் வாங்கப் போகிறவர் டெஸ்ட் டிரைவ் என்று பைபாஸில் ஓட்டிப் பார்த்துவிட்டு வராதீர்கள், விற்பவருக்கும் அதுதான் வேண்டும். மதியம் இரண்டு மணிக்குப் போய், ஏசியை முழுதாக வைத்து, அரைமணி நேரம் நின்ற இடத்திலேயே ஓடவிடுங்கள். ஃபேன் வந்து வந்து நிற்கிறதா, முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். போகும்போது ஒரு டார்ச் எடுத்துப் போய் கண்டென்சருக்குப் பின்னால் அடித்துப் பாருங்கள், டெல்டா வண்டி என்றால் கட்டாயம்.