மூன்றாவது மாத்திரையும் கைகொடுக்கவில்லை என்றால்: தம்பியின் வலிப்புக்கு அடுத்த வழி என்ன?

கேள்வி: மன்னார்குடிக்கு அருகில் எங்கள் கிராமம். தம்பிக்கு 26 வயது, விவசாயம் பார்க்கிறான். ஒரு வயதில் கடும் காய்ச்சலில் வெகுநேரம் வலிப்பு வந்தது. பிறகு பல வருடம் ஒன்றுமில்லை. 13 வயதில் மறுபடியும் தொடங்கியது. வயிற்றிலிருந்து ஏதோ எழும்பி நெஞ்சுக்கு வருகிறது என்பான். உடனே பார்வை நிலைகுத்திவிடும், சப்புக்கொட்டுவான், சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருப்பான். இரண்டு நிமிடத்தில் தெளிந்துவிடுவான். எப்போதாவது கை கால் இழுத்துக் கீழே விழுவதும் உண்டு. முதலில் ஃபெனிட்டாயின், அப்புறம் கார்பமசெபின், இப்போது அதோடு லெவெடிரசெட்டமும் தருகிறோம். மாதம் நான்கைந்து முறை வருவது நிற்கவில்லை. ஸ்டெம் செல் செலுத்தினால் அடியோடு குணமாகும் என்று ஒரு விளம்பரம் பார்த்தோம். பல லட்சம் கேட்கிறார்கள். நிலத்தை விற்றாவது செய்யலாமா, அல்லது நல்ல புது மருந்து வரும்வரை பொறுத்திருக்கலாமா? பெண் பார்க்கவும் தொடங்கியிருக்கிறோம்.

பதில்: நிலத்தை விற்க வேண்டாம், சகோதரி. புது மருந்துக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். நீங்கள் தேடுகிற சிகிச்சை பல ஆண்டுகளாகவே நம் நாட்டில் இருக்கிறது. உங்கள் தம்பி அதற்கு ஏற்றவரா என்று இதுவரை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை என்றுதான் உங்கள் கடிதம் எனக்குச் சொல்கிறது.

வயிற்றிலிருந்து எழும்பும் உணர்வு, நிலைகுத்திய பார்வை, சப்புக்கொட்டுதல், பொத்தானைத் திருகுதல் என்று நீங்கள் எழுதியிருக்கும் வரிசை நரம்பியல் மருத்துவருக்கு மிகவும் பழக்கமானது. காதுக்கு உள்புறமாக அமைந்திருக்கும் மூளையின் பக்க மடலில், அதாவது டெம்போரல் மடலில், தொடங்கும் வலிப்பு பெரும்பாலும் இப்படித்தான் வெளிப்படும். குழந்தைப் பருவத்தில் காய்ச்சலோடு வந்த நீண்ட வலிப்பு, சில வருட அமைதி, பதின்பருவத்தில் மறு தொடக்கம் என்ற வரலாறும் சேர்ந்தால், அந்த மடலின் உட்புறத்தில் நினைவைப் பதிய வைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி சுருங்கித் தழும்பாகியிருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். கடிதத்தை மட்டும் படித்துவிட்டு 'அதுதான்' என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதைத் தேடிப் பார்க்காமல் இன்னொரு மாத்திரையை மட்டும் கூட்டிக்கொண்டே போவது சரியல்ல.

மாத்திரைகளைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் புதிதாகச் சிகிச்சை தொடங்கிய நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2000-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முதல் மருந்திலேயே நூற்றில் 47 பேருக்கு வலிப்பு நின்றது. இரண்டாவது மருந்தில் இன்னும் 13 பேருக்கு நின்றது. மூன்றாவது மருந்திலோ, மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தபோதோ நின்றது வெறும் நான்கு பேருக்குத்தான். பொருத்தமான இரண்டு மருந்துகளைத் தகுந்த அளவில் கொடுத்தும் வலிப்பு நிற்காவிட்டால் அதை மருந்துக்கு அடங்காத வலிப்பு என்று கொள்ள வேண்டும் என உலக வலிப்பு நோய் எதிர்ப்புக் கழகம் 2010-இல் வரையறுத்தது இந்த அடிப்படையில்தான். பெரும்பாலானவர்களுக்கு மாத்திரையே போதும் என்பதும் இதே கணக்கிலிருந்து தெரிகிறது. வாசகர்கள் யாரும் இதைப் படித்துவிட்டுத் தங்கள் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

'மருந்து கேட்கவில்லை' என்று முடிவுகட்டும் முன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். தம்பி ஒரு வேளைகூடத் தவறாமல் சாப்பிடுகிறாரா? கோபப்படாமல் கேளுங்கள். நாற்றங்கால் காலத்தில் தண்ணீர் முறைக்காகவோ, மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் மோட்டார் போடவோ நடுஇரவில் எழுந்து போகிறவர்களுக்கு இரவு மாத்திரையும் தவறும், தூக்கமும் கெடும். இரண்டுமே வலிப்பைத் தூண்டும். விரதம், குடி, மருந்துக் கடையில் வேறு கம்பெனி மாத்திரைக்கு மாற்றிக் கொடுப்பது ஆகியவற்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஃபெனிட்டாயின் போன்ற மருந்தில் சிறிய அளவு மாற்றம்கூட இரத்தத்தில் பெரிய ஏற்ற இறக்கத்தை உண்டாக்கும். இவை எல்லாம் ஒழுங்காக இருந்தும் மாதம் நான்கைந்து முறை வருகிறது என்றால், அடுத்துப் பேச வேண்டியது அறுவை சிகிச்சை.

மூளையில் அறுவை என்றதும் வீட்டில் எல்லோரும் பதறுவார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். டெம்போரல் மடல் வலிப்பு மருந்துக்கு அடங்காத 80 பேரைக் கனடாவில் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அறுவையும் மறுபாதிக்கு மருந்தும் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2001-இல் வெளிவந்தது. ஓராண்டில் நினைவு தவறும் வலிப்பே இல்லாமல் இருந்தவர்கள் அறுவைப் பிரிவில் நூற்றுக்கு 58, மருந்துப் பிரிவில் 8. இதுபோன்ற ஒரு சோதனையை டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை 116 குழந்தைகளிடமும் பதின்பருவத்தினரிடமும் நடத்தி 2017-இல் வெளியிட்டது. அங்கே வலிப்பிலிருந்து விடுபட்டவர்கள் அறுவையில் நூற்றுக்கு 77, மருந்தில் 7. வலிப்பு சிகிச்சையில் இவ்வளவு பெரிய வேறுபாட்டைக் காட்டிய ஆய்வுகள் அரிது. அப்படியிருந்தும் உலகெங்கும் நோயாளிகள் அறுவை மையத்தை எட்டுவதற்குள் பல வருடங்கள் ஓடிவிடுகின்றன. படிப்பும் வேலையும் கல்யாணமும் அந்த வருடங்களோடு போய்விடுகின்றன. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்தத் தாமதம்தான்.

மையத்துக்குப் போன உடனே கத்தியை எடுக்க மாட்டார்கள். முதலில் வலிப்புக்கென்றே தனி முறையில், மெல்லிய வெட்டுகளாக எடுக்கும் எம்ஆர்ஐ. ஊரில் அவசரத்துக்கு எடுத்த ஸ்கேனில் 'நார்மல்' என்று எழுதியிருந்தாலும், இந்த முறையில் எடுத்து, அனுபவமுள்ளவர் பார்க்கும்போது தழும்பு தெரிவதுண்டு. அடுத்தது வீடியோ இஇஜி. சில நாள் வார்டில் தங்கவைத்து, மருத்துவர் மேற்பார்வையில் மாத்திரையைக் குறைத்து, வலிப்பு வரும் தருணத்தைக் கேமராவிலும் மூளை அலைப் பதிவிலும் ஒருசேரப் பிடிப்பார்கள். நினைவாற்றல், பேச்சுத் திறன் சோதனைகளும் உண்டு. எல்லாம் ஒரே இடத்தைக் காட்டினால்தான் அறுவை பற்றிப் பேசுவார்கள். காட்டாவிட்டால் 'வேண்டாம்' என்று சொல்லித் திருப்பி அனுப்புவதும் நல்ல மையத்தின் அடையாளமே.

ஆபத்தே இல்லையா? இருக்கிறது. பார்வையின் மேல் ஓரத்தில் சிறு பகுதி மறையலாம். பலர் அதை உணர்வதுகூட இல்லை. இடப்பக்க அறுவை என்றால் பெயர்களையும் சொற்களையும் நினைவுகூர்வது கடினமாகலாம்; அதற்காகத்தான் முன்பே நினைவுச் சோதனை செய்கிறார்கள். கை கால் பலவீனம் போன்ற நிலையான பெரிய பாதிப்பு, அனுபவமுள்ள மையங்களில் மிகச் சிலருக்கே ஏற்படுகிறது. இதன் எதிர்ப்பக்கத்தையும் நிறுத்துப் பாருங்கள். கட்டுப்படாத வலிப்போடு வாழ்வதும் ஆபத்துதான்: நீரில் மூழ்குதல், தீக்காயம், உறக்கத்தில் நேரும் திடீர் மரணம். அறுவைக்குப் பிறகும் மாத்திரை சில காலம் தொடரும். மருத்துவர் மெல்லக் குறைப்பார்.

எங்கே போவது? தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவிலிருந்து தொடங்குங்கள். 'அறுவை சிகிச்சைக்கான மதிப்பீட்டுக்கு அனுப்புங்கள்' என்று வாய்விட்டுக் கேளுங்கள், தயங்க வேண்டியதில்லை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் 1995 முதல் வலிப்பு அறுவை நடக்கிறது. மத்திய அரசு நிறுவனம். திருச்சியிலிருந்து இன்டர்சிட்டி ரயில் இருக்கிறது. பெங்களூர் நிம்ஹான்ஸ், வேலூர் சிஎம்சி ஆகியவையும் இதில் அனுபவமுள்ளவை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, ரேஷன் அட்டை, பழைய ஸ்கேன் படங்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். எந்த உதவி எங்கே செல்லுபடியாகும் என்பதை முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். இவற்றைவிடப் பயன்படுவது ஒன்று உண்டு: வலிப்பு வரும்போது செல்பேசியில் எடுத்த வீடியோ. தலை முதல் கால் வரை தெரிய வேண்டும். எந்தக் கை முறுக்கிக்கொள்கிறது, தெளிந்த பிறகு எவ்வளவு நேரம் பேச்சு வரவில்லை என்பது பதிவாக வேண்டும். எந்தப் பக்கத்தில் தொடங்குகிறது என்பதற்கு அதிலிருந்து குறிப்பு கிடைக்கும்.

அறுவைக்கு ஏற்றவர் இல்லை என்று தெரிந்தாலும் கதவு அடைபட்டுவிடாது. கழுத்தில் உள்ள வேகஸ் நரம்பை மின்தூண்டல் செய்யும் சிறு கருவியை அமெரிக்கா 1997-லேயே அனுமதித்தது. அது வலிப்பைக் குறைக்கும், முற்றிலும் நிறுத்துவது அரிது, விலையும் அதிகம். மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோஜெனிக் உணவு 1921 முதல் வழக்கில் இருக்கிறது. குழந்தைகளுக்கு, அதுவும் உணவியல் வல்லுநரின் மேற்பார்வையில், நல்ல பலன் தரும். மூன்று வேளையும் சோறும் இட்லியுமாகச் சாப்பிடும் வீட்டில் 26 வயது உழைப்பாளி அதைக் கடைப்பிடிப்பது எளிதல்ல. பிரிவரசெட்டம், லகோசமைடு, பெராம்பனெல் போன்ற பிந்தைய தலைமுறை மருந்துகளும் இருக்கின்றன. முதல் இரண்டின் விலை இப்போது வெகுவாக இறங்கியிருக்கிறது.

இனி அந்த ஸ்டெம் செல் விளம்பரம். வலிப்பு தொடங்கும் இடத்தில், ஆய்வகத்தில் ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த, மற்ற நரம்பணுக்களை அடக்கும் வகை நரம்பணுக்களை வைத்து, அங்கே எழும் மின்கொந்தளிப்பைத் தணிக்க முடியுமா என்று அமெரிக்காவில் உண்மையாகவே ஆராய்கிறார்கள். டெம்போரல் மடல் வலிப்பில்தான் அந்தச் சோதனை தொடங்கியது. நான் அதை ஆவலோடு கவனிக்கிறேன். ஆனால் அது இன்னும் ஆய்வுதான். முதுகுத்தண்டிலோ இரத்தக் குழாயிலோ எதையோ ஏற்றிவிட்டுப் பல லட்சம் வாங்கும் வணிகத்துக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, ஸ்டெம் செல் முறை ஏற்கப்பட்ட சிகிச்சையாக இருப்பது இரத்தம் உருவாக்கும் செல்களைக் கொண்டு செய்யும் மாற்றுச் சிகிச்சைகளில்தான். வலிப்பு அதில் இல்லை. மெய்யான மருத்துவ ஆய்வு என்றால் அது இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவாகியிருக்கும், நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கும், உங்களுக்குப் புரியும் மொழியில் ஒப்புதல் படிவம் தருவார்கள், சோதிக்கும் மருந்துக்கு உங்களிடம் பணம் வாங்க மாட்டார்கள். பதிவு எண்ணைக் கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

செலவில்லாத ஒன்றைப் பற்றியும் ஆராய்ந்திருக்கிறார்கள். எய்ம்ஸ் நடத்தி 2023-இல் வெளிவந்த ஆய்வில், மருந்தோடு யோகாவும் செய்த வலிப்பு நோயாளிகளுக்கு பிறர் தங்களை இழிவாகப் பார்க்கிறார்கள் என்ற உணர்வும் வலிப்பின் எண்ணிக்கையும் குறைந்தன. மருந்துக்குத் துணையாக அதைச் செய்யலாம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று. நம் நாட்டில் வலிப்புக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, பன்றி நாடாப்புழுவின் முட்டை உடலுக்குள் போய் மூளையில் கட்டியாவது. புழு உள்ள மனிதரின் மலம் கலந்த நீராலும் சரியாகக் கழுவாத கீரையாலும் பரவுவதால் சைவ வீட்டாருக்கும் வரும். ஒற்றைக் கட்டி என்றால் பெரும்பாலும் மருந்திலேயே கரைந்துவிடும். ஸ்கேனில் அதைக் காசநோய்க் கட்டியிலிருந்து பிரித்தறியும் முறையை வகுத்ததில் வேலூர் சிஎம்சி மருத்துவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

திருச்சிக்கு அருகிலுள்ள திருவாசிக் கோயிலுக்குப் போய்வரச் சொல்கிறார்கள் என்றால் போய்வாருங்கள். கொல்லிமழவன் மகளின் முயலகன் என்ற வலிப்பு நோயைச் சம்பந்தர் தீர்த்த தலம் என்று தலைமுறைகளாக நம்பிப் போகிறார்கள். உங்கள் அம்மாவுக்கு அது ஆறுதல் தரும். அன்றைய மாத்திரையும் பையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கல்யாணத்துக்குத் தடையில்லை. வலிப்பு நோயைத் திருமணத்துக்குத் தடையாக இந்து திருமணச் சட்டத்தில் வைத்திருந்ததை 1999-இல் நீக்கிவிட்டார்கள். ஆனால் பெண் வீட்டாரிடம் மறைக்காதீர்கள். மறைத்தால் தம்பி மனைவிக்குத் தெரியாமல் மாத்திரை போட வேண்டிவரும். விரைவில் நிறுத்தியும் விடுவார். முடிந்தால் மதிப்பீடு முடியும்வரை பேச்சைத் தள்ளிவையுங்கள்.

வலிப்பு கட்டுக்குள் வரும்வரை பைக்கும் டிராக்டரும் வேண்டாம். வாய்க்கால், குளம், பம்ப்செட் தொட்டி எதிலும் தனியாகக் குளிக்கக் கூடாது. ஆடிப்பெருக்குக்கு ஆற்றில் இறங்க வேண்டாம், கரையில் நின்று சொம்பால் ஊற்றிக்கொள்ளட்டும். வீட்டுக் குளியலறைக் கதவை உள்ளே தாழிடக் கூடாது.

வலிப்பு வந்து விழுந்தால் கையில் சாவியையோ இரும்பையோ திணிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் துண்டை மடித்து வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, தெளியாமல் அடுத்தது வந்தாலோ 108-ஐ அழையுங்கள். மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்பிரேயைத் தம்பிக்கு எழுதித் தரலாமா என்று தஞ்சாவூரில் கேளுங்கள். வயலுக்குப் போகும் பையில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். எப்போது, எவ்வளவு அடிப்பது என்பதை வீட்டில் எல்லோரும் மருத்துவரிடமே கற்றுக்கொள்ளுங்கள்.