குடும்பமும் தனிமையும் கலந்த திகில் நாவலை ஏற்காட்டில் தனியாகப் படிக்கலாமா?

தாராளமாகப் படிக்கலாம். ஆனால் இரவில் ஒரே மூச்சில் முடிக்காதீர்கள். மழைக்கால ஏற்காட்டில் மதியமே பனிமூட்டம் இறங்கிவிடும், எதிர்வீடு மறையும், கரண்டும் போகலாம். அடைபட்ட வீட்டைப் பற்றிய கதைக்கு அந்தச் சூழல் தேவைக்கு மேல் உதவி செய்யும். காலைச் சாப்பாட்டுக்குப் பின் வெளிச்சத்தில் உட்காருங்கள்.

முதல் நூலாக அமெரிக்க எழுத்தாளர் ஷெர்லி ஜாக்சனின் 'வி ஹேவ் ஆல்வேஸ் லிவ்டு இன் த காசில்' (1962) போதும். சின்ன நாவல்தான். மூன்று நாளுக்குப் பிரித்துக்கொள்ளலாம்.

இதில் பேயே கிடையாது. சர்க்கரைக் கிண்ணத்தில் ஆர்சனிக் என்ற விஷம் கலந்து குடும்பத்தில் பலர் இறந்திருக்கிறார்கள். மிஞ்சியவர்கள் ஊர் வெறுப்புக்கு நடுவே பெரிய வீட்டில் வாழ்கிறார்கள். கதை சொல்பவள் அவர்களில் ஒருத்தியான 18 வயது மெரிகாட். பலர் தடுமாறுவது இங்கேதான்: அவள் குரல் அன்பாக இருப்பதால் சொல்வதையெல்லாம் நம்பிவிடுகிறோம். அவள் எதைத் தாண்டிப் போகிறாள் என்று கவனியுங்கள். சம்பவத்தன்று அவள் சாப்பாடில்லாமல் படுக்க அனுப்பப்பட்டாள் என்ற தகவல் போகிற போக்கில் வரும், அந்த வரியில் நில்லுங்கள். சமையலறை, பாதுகாத்து வைத்த ஊறுகாய் ஜாடிகள், யார் யாருக்குச் சோறு போடுகிறார்கள் என்பதிலேயே திகில் முழுக்க இருக்கிறது.

உறவினன் சார்லஸ் வந்த பிறகு பதற்றம் ஏறும். அங்கே பாதியில் மூடி வைத்தால் தூக்கம் கெடும், அத்தியாயத்தை முடித்துவிட்டே எழுங்கள். வீட்டுக்குள் வன்முறையை அனுபவித்தவர்கள், சமீபத்தில் துக்கம் கண்டவர்கள் இப்போதைக்குத் தள்ளிப்போடுவது நல்லது. படித்தே ஆகவேண்டும் என்றால், சேலத்தில் ஆட்கள் நடமாடும் வீட்டில் வைத்துப் படியுங்கள்.