உடம்பு கூடின முதல் பிள்ளைத்தாச்சிக்கு வலி வர வைக்க குளிசை நல்லதா பலூன் நல்லதா?

தங்கச்சிக்கு பிஎம்ஐ (உயரத்துக்கு ஏத்த எடைக் கணக்கு) 36, முதல் பிள்ளை, திருகோணமலை கிளினிக்ல அட்மிட் ஆகி வலி வர வைக்கோணும் எண்டு சொன்னதா கேட்டிருக்கீங்க. முதல்ல கர்ப்பப்பை வாய் இளகியிருக்கா எண்டுதான் பார்ப்பாங்க, இளகாட்டி நேரா ஒக்ஸிடோசின் (வலி வர வைக்கிற மருந்து) சேலைன் ஏத்தி பெரிசா பிரயோசனம் இல்ல.

இளக வைக்க ரெண்டு வழி. மிசோப்ரொஸ்டோல் குளிசை, 25 மைக்ரோகிராம் அளவில வாயால இல்லாட்டி கீழால குடுப்பாங்க, சில பேருக்கு வலி அடுக்கடுக்கா வந்து பிள்ளைட இதயத்துடிப்பு குறையலாம், அதால மொனிட்டர் முக்கியம், ஆனா வயித்துக் கொழுப்பு கூடினா மொனிட்டர்ல துடிப்பு பிடிக்கிறதே கஷ்டம். பலூன் எண்டா ஃபோலி கதீற்றர், நுனியில பலூன் உள்ள மெல்லிய குழாய், கர்ப்பப்பை வாய்க்குள்ளால வச்சு 30 தொடக்கம் 60 மில்லி தண்ணி ஏத்துவாங்க, அடுக்கு வலி வாறது குறைவு, ஆனா பிறகு அநேகமா ஒக்ஸிடோசினும் தேவைப்படும். என்னைக் கேட்டா, உடம்பு கூடின ஆக்களுக்கு இந்த விசயத்தில பலூன் நிம்மதி. ரெண்டையும் சேர்த்து செய்தா தனித்தனியா செய்யிறதை விட கெதியா பிறக்குது, ஆனா சிசேரியன் பெரிசா குறையும் எண்டு எதிர்பார்க்காதீங்க.

முக்கியமா, உடம்பு கூடினவங்களுக்கு கர்ப்பப்பை வாய் 6 சென்ரிமீற்றர் திறக்கவே கன நேரம் எடுக்கும், தாயும் பிள்ளையும் நல்லா இருந்தா அவசரப்பட்டு "சரிவரேல்ல" எண்டு முடிவெடுக்கத் தேவையில்ல. மயக்க மருந்து டொக்டரை முதலே சந்திக்க ஏலுமா எண்டு வார்ட்ல கேளுங்க, வலி தெரியாம இருக்க அவர் முதுகில ஊசி போடுறதும் இவங்களுக்கு நேரம் பிடிக்கும்.