தலைப்பை மறைத்துவிட்டால் நதி தெரியுமா?

கேள்வி: பாடல் வரியே இல்லாத மேலைநாட்டு வாத்திய இசை கதை சொல்கிறது, காட்சியைக் கண்முன் நிறுத்துகிறது என்கிறார்களே, இது தலைப்பை வைத்துச் செய்யும் ஏமாற்று வேலைதானே? நண்பர் சொன்னாரென்று செக் இசையமைப்பாளர் ஸ்மெதனாவின் 'வல்தவா'வைக் கேட்டேன். ஒரு நதியின் ஓட்டத்தையும் அதன் கரையில் நடக்கும் கல்யாணத்தையும் காட்டும் இசையாம். எந்த நிமிடத்தில் என்ன வருகிறது என்று எழுதிய குறிப்பையும் கையில் வைத்திருந்தேன். நதியும் தெரியவில்லை, கல்யாணமும் தெரியவில்லை. தலைப்பை மறைத்துவிட்டால் அதை நதி என்று ஒருவராவது சொல்வாரா?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: சொல்லமாட்டார். அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். தலைப்பு தெரியாத ஒருவர் அந்த இசையைக் கேட்டுவிட்டு "இது செக் நாட்டுப் பொஹீமியாவில் ஓடும் வல்தவா நதி" என்று சொல்லவே முடியாது. ஆனால் நீங்கள் கேட்ட விதத்தில் தலைப்பு தெரிந்தும் நதி கிடைக்காது. கையில் பட்டியலை வைத்துக்கொண்டு மளிகைச் சாமான் சரிபார்ப்பதுபோல் நிமிடக் கணக்குப் பார்த்திருக்கிறீர்கள். பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடம் ஓடும் இசையில் உங்கள் கண் கடிகாரத்தில் இருந்தது. காது எங்கே இருந்தது?

அந்தக் குறிப்பைத் தூர வைத்துவிட்டு முதல் அரை நிமிடத்தை மட்டும் மறுபடி கேளுங்கள். ஒரே ஒரு புல்லாங்குழல் சின்னதாக ஒரு சுழிப்பை வாசிக்கிறது. அது மூச்சு விடும் இடத்தில் இரண்டாவது குழல் பிடித்துக்கொள்கிறது. வயலின்காரர்கள் வில்லைப் போடாமல் விரலால் நரம்பைச் சுண்டுகிறார்கள். கூடவே ஹார்ப் என்ற யாழ் ஒரு சொட்டு. சற்றுப் பொறுத்துக் கிளாரினெட் என்ற ஊதுகுழல்கள் வேறொரு சுழிப்போடு வந்து சேர்கின்றன. வல்தவாவுக்கு மலையில் இரண்டு ஊற்றுகள். அது உங்களுக்குத் தெரியவேண்டிய அவசியமே இல்லை. மெல்லிய ஏதோ ஒன்று தொடங்குகிறது, இன்னொன்று அதனோடு கலக்கிறது, கலந்தது கனத்துக்கொண்டே போகிறது என்பது தெரிகிறதா? கடைசியில் வயலின்களும் ஓபோ என்ற ஊதுகுழலும் அந்தப் பெரிய ராகத்தை எடுக்கும்போது, முதலில் கேட்ட சுழிப்பு நின்றுவிடவில்லை, அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது. இதற்குப் பிறகு 'நதி' என்ற ஒரு சொல்லைக் கொடுத்தால் மனம் அதைச் சட்டென்று பற்றிக்கொள்கிறது. 'நெருப்பு' என்றோ 'பாலைவனம்' என்றோ கொடுத்துப் பாருங்கள், ஒட்டாது. ஒட்டும் சொல்லும் ஒட்டாத சொல்லும் உண்டு என்றால், அது வெறும் தலைப்பின் வேலையாக எப்படி இருக்க முடியும்?

உங்கள் சந்தேகம் புதியது இல்லை. வியன்னாவின் விமரிசகர் எடுவார்ட் ஹான்ஸ்லிக் 1854-இல் இதற்காகவே ஒரு புத்தகம் எழுதினார். இசையின் உள்ளடக்கம் அசையும் ஒலி வடிவங்கள்தாம், அதற்கு வெளியே எதையும் அது சொல்வதில்லை என்பது அவர் கட்சி. ஆனால் அவரும் ஒன்றை விட்டுக்கொடுத்தார். வேகம், தாமதம், பெருகுதல், தேய்தல், எழுதல், விழுதல், இவற்றையெல்லாம் இசையால் காட்ட முடியும் என்றார். நதி என்பது வேறென்ன? யோசித்துப் பாருங்கள். காதலா பக்தியா என்று இசை பிரித்துச் சொல்ல முடியாமல் திணறலாம். ஊற்றிலிருந்து பெருக்குவரை போகும் ஒன்றைக் காட்ட அதைவிடத் தோதான கலை எது? ஓவியத்தில் நதி நின்றுவிடுகிறது.

கல்யாணம் தெரியவில்லை என்றீர்கள். அங்கே வருவது போல்கா. பொஹீமியக் கிராமத்தான் கால் தானாகத் தாளம் போடும் நடனம். அதற்கு முன்னால் ஹார்ன்கள் முழங்கும் இடம் வேட்டை. ஐரோப்பாவில் வேட்டைக்காரர்கள் காட்டில் ஒருவரையொருவர் அழைத்துக்கொண்டது கொம்பில்தான் என்பதால் அந்த ஒலி காதில் பட்டதுமே அவர்களுக்குக் காடு வந்துவிடும். இந்தப் பழக்கம் நமக்கு அந்நியமா? கோயில் தெருவில் வளர்ந்தவர் நாகசுரத்தில் மல்லாரி கேட்டால் சுவாமி புறப்பட்டாயிற்று என்று அறிவார். மல்லாரியில் ஒரு சொல் கிடையாது. வெளியூர்க்காரருக்கு அது வெறும் கம்பீர நாட்டை. புரியாதது அவர் குற்றமும் இல்லை, மல்லாரியின் குற்றமும் இல்லை. ஏமாற்று என்று மட்டும் அவர் சொல்லிவிடக் கூடாது.

அந்தக் கல்யாணம் முடியும் விதத்தைக் கவனியுங்கள். ஆட்டம் உச்சத்துக்குப் போய் நிற்பதில்லை. மெல்லத் தேய்கிறது. அங்கே கரையில் ஆடுகிறவர்கள் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நாம்தான் நீரோடு விலகிப் போய்க்கொண்டிருக்கிறோம். இதை எந்த நிமிடக் குறிப்பும் உங்களுக்குச் சொல்லியிருக்காது. நான் பலமுறை கேட்ட பிறகுதான் எனக்கே இது பிடிபட்டது. அன்றிலிருந்து அந்த இடம் வரும்போதெல்லாம் தொண்டை அடைக்கிறது.

வெறும் ஒலியைப் போலி செய்கிற இசையும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டி 1725-இல் வெளியிட்ட 'நான்கு பருவங்க'ளில் வசந்த காலத்தின் நடுப்பகுதியில் ஆட்டிடையன் தூங்குகிறான். வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலா நாயாகக் குரைக்கிறது. அழகுதான், ஆனால் நாயோடு முடிந்துபோகும் அழகு. பேத்தோவன் இந்த ஆபத்தை அறிந்திருந்தார். 1808 டிசம்பரில் வியன்னாவில் தம் ஆறாவது சிம்பொனியை அரங்கேற்றியபோது, இது படம் தீட்டுவதைவிட உணர்ச்சியைச் சொல்வதே என்று குறித்துவைத்தார். அதே சிம்பொனியில் ஓடைக்கரைக் காட்சியின் முடிவில் குயிலுக்குக் கிளாரினெட், காடைக்கு ஓபோ, நைட்டிங்கேலுக்குப் புல்லாங்குழல் என்று பறவைகளின் பெயரையும் தாமே எழுதினார். இரண்டுக்கும் முரண் இல்லை. ஓடையருகே மனம் அடங்கி உட்கார்ந்தவனுக்குத்தான் பறவைகள் கேட்கும்.

இனித் தலைப்புக்கு வருகிறேன். ஏமாற்று என்ற சொல்தான் என்னைச் சுட்டது. ஸ்மெதனா 1876-இல் நால்வர் வாசிக்கும் ஒரு தந்தி வாத்திய இசை எழுதினார்: 'என் வாழ்க்கையிலிருந்து'. அதன் கடைசிப் பகுதி துள்ளலான நடனம். நடுவில் எல்லாம் சட்டென்று அறுந்துவிடும். மற்ற மூன்று வாத்தியங்களும் கீழே நடுங்கிக்கொண்டிருக்க, முதல் வயலின் மிக உயரத்தில் ஒரே ஒரு சுரத்தை நீளமாகப் பிடிக்கிறது. தலைப்பில்லாமல் கேட்டாலும் முதுகு சில்லிடும். அது அவர் காதுக்குள் கேட்ட விசில். செவிடாவதற்கு முன் அவரை வதைத்த அந்த ஒலியைத்தான் எழுதினேன் என்று நண்பருக்குக் கடிதத்தில் சொல்லியிருக்கிறார். 1874 அக்டோபரில், ஐம்பது வயதில், அவருக்குக் காது முழுமையாகப் போயிற்று. 'வல்தவா'வைத் தொடங்கியது அதே ஆண்டு நவம்பர் 20-இல். முடித்தது டிசம்பர் 8-இல். உங்களுக்குக் கேட்டும் தெரியாத அந்த நதியில் ஒரு துளியைக்கூட அவர் காதால் கேட்கவில்லை. அப்படிப்பட்டவர் தாம் எழுதியது இன்னது என்று பெயர் சொன்னால், அந்தப் பெயரும் அவர் எழுதிய இசையில் ஒரு பகுதிதான். அதை மறைத்துவிட்டுப் பரீட்சை வைக்க நமக்கு உரிமை இல்லை.

இன்னும் ஒரே ஒரு இடம் கேளுங்கள். 'வல்தவா'வில் நிலவொளியைக் காட்டும் பகுதிக்குப் பிறகு, பிராக் நகருக்குள் நதி அகலமாக நுழைவதற்கு முன், மொத்த வாத்தியக் குழுவும் பாறையில் மோதிச் சிதறும். புனித யோவான் பெயர் கொண்ட நீர்ச்சுழல் அது. 1940-களில் ஷ்டெச்சோவிட்சே அணை வந்தபோது அந்தப் பாறைகள் நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டன. இன்று அங்கே போனால் அமைதியான தண்ணீர்தான் இருக்கிறது. அந்தச் சுழலின் இரைச்சலைக் கேட்க இப்போது இந்த இசையை விட்டால் வேறு இடம் கிடையாது.