சென்னையில் இம்பிளான்ட் வைத்துவிட்டு வந்தாயிற்று. இனி யார் பார்ப்பது?

கேள்வி: என் அம்மாவுக்கு 64 வயது. சீனி வருத்தமும் பிரஷரும் இருக்கிறது. வெள்ளவத்தையில் எங்களுக்குத் தெரிந்த ஒருவர் ஒழுங்கு செய்து தந்ததில் சென்னைக்குப் போய், கீழ்த் தாடையில் வலது பக்கம் இரண்டு இம்பிளான்ட் (செயற்கைப் பல்லைப் பூட்டுவதற்காகத் தாடை எலும்புக்குள் வைக்கும் திருகு) வைத்துக்கொண்டு ஐந்தாம் நாள் திரும்பினோம். இன்றோடு பதினொரு நாள். வீக்கம் வற்றிவிட்டது, நோவும் பெரிதாக இல்லை. ஆனால் கறுப்பு நூல் தொங்குகிறது. முரசில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது, நடுவில் இரும்பு போல இரண்டு வட்டம் தெரிகிறது, வாயிலும் ஒரு கெட்ட மணம். பக்கத்தில் உள்ள பல் வைத்தியரிடம் போனால் "செய்த இடத்திலேயே காட்டுங்கள்" என்கிறார். ஒழுங்கு செய்தவரோ "அடுத்த மாதம் இன்னொரு தரம் போனால் பல்லையும் பூட்டிக்கொண்டு வந்துவிடலாம்" என்கிறார். ஏழு கிழமையில் தம்பியின் கலியாணம். என்ன செய்வது? அம்மா என்ன சாப்பிடலாம்?

பதில்: நூலில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நீங்கள் சொன்னவற்றில் அவசரமானது அது ஒன்றுதான். கறுப்பு நூல் என்றால் பெரும்பாலும் பட்டு நூல். அது தானாகக் கரையாது. ஏழிலிருந்து பத்து நாளுக்குள் வெட்டி எடுத்திருக்க வேண்டும். அதற்கு மேலும் விட்டால் நூலைச் சுற்றிச் சாப்பாடும் அழுக்கும் சேர்ந்துகொள்ளும். நீங்கள் சொல்லும் மணம் அநேகமாக அங்கிருந்துதான் வருகிறது. தையல் எடுப்பது ஐந்து நிமிட வேலை. அதற்கு இம்பிளான்ட் எந்தக் கம்பெனி, யார் வைத்தார் என்று ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. பதிவு பெற்ற எந்தப் பல் வைத்தியரும் செய்யலாம். உங்களைத் திருப்பி அனுப்பியவர் அதையாவது செய்திருக்கலாம். வேறொருவர் செய்த வேலையில் கை வைத்தால் பழி தன் தலையில் விழும் என்ற பயம் எங்கள் ஆட்களிடம் இருக்கிறது. பயம் எனக்குப் புரிகிறது, ஆனால் நூலோடு நிற்கும் ஒரு வயதான அம்மாவை வாசலில் வைத்துத் திருப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை. வேறொருவரிடம் போங்கள். இல்லையென்றால் வார்ட் பிளேஸில் உள்ள தேசிய பல் வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். வீட்டுக் கத்தரிக்கோலால் மட்டும் வெட்ட வேண்டாம்.

வெள்ளைப் படிவு பெரும்பாலும் சீழ் அல்ல. காலில் காயம் ஆறும்போது பொருக்கு வருகிறதே, வாய்க்குள் அது ஈரத்தில் ஊறி வெள்ளையாகத் தெரியும். பஞ்சாலோ விரலாலோ சுரண்டாதீர்கள். அழுத்தினால் மஞ்சளாகக் கசிந்தால், அல்லது வற்றிய வீக்கம் திரும்ப எழும்பினால்தான் அது வேறு கதை. இரும்பு போலத் தெரிவது இம்பிளான்டின் வாயை மூடியிருக்கும் சிறிய மூடி. சிலருக்கு அது முரசுக்குள் மறைந்திருக்கும், உங்கள் அம்மாவுக்கு வெளியே விட்டிருக்கிறார்கள். இரண்டும் சரியான முறைதான். மூடி ஆடினால் அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டும். கழன்று விழுந்தால் ஒரு சிறு போத்தலில் போட்டுக் கையோடு கொண்டு போங்கள்.

கழுவும் முறை சுலபம். ஒரு கிளாஸ் இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பு. சாப்பிட்டதும் ஒரு தரம், படுக்கப் போகும்போது ஒரு தரம். வாயில் வைத்துத் தலையை மெல்லச் சாய்த்து, அப்படியே வழிய விட்டால் போதும். மணிக்கொரு தரம் கொப்பளிப்பதும் கொதிக்கக் கொதிக்கக் கொப்பளிப்பதும் காயத்துக்கு நல்லதல்ல. குளோர்ஹெக்சிடின் கழுவு நீர் தந்திருந்தால் காலையும் இரவும் பாவிக்கலாம், ஆனால் பற்பசையால் தீட்டி அரை மணி நேரம் கழித்து. இரண்டு கிழமைக்கு மேல் வேண்டாம். பல்லில் பழுப்புக் கறை பிடிக்கும், நாக்கில் ருசியும் மாறும். அதோடு தேத்தண்ணியும் குடித்தால் கறை இன்னும் கூடும். நூல் எடுத்த பிறகு மிருதுவான பிரஷால் அந்த இரும்பு மூடியையும் சேர்த்துத் தீட்டச் சொல்லுங்கள். பயத்தில் அந்தப் பக்கத்தையே தொடாமல் விடுகிறவர்களுக்குத்தான் முரசு பழுதாகிறது. கராம்பு எண்ணெய், மிளகுத்தூள், கரித்தூள் எதுவும் காயத்தில் படக் கூடாது.

சாப்பாடு: குழைந்த சோறும் பருப்பும், சொதி விட்டு ஊறிய இடியப்பம், அவித்த முட்டை, முள் எடுத்த மீன், யோகட். இடது பக்கமாகச் சப்பட்டும். கச்சான், முறுக்கு, மிக்சர், பாண் கரை, எலும்போடு இறைச்சி ஆகியவற்றை வலது பக்கத்துக்குக் காட்டவே வேண்டாம். வெற்றிலை போடும் பழக்கம் இருந்தால் பாக்கோடு சேர்த்து அதையும் நிறுத்த வேண்டும். ஆனால் உங்கள் அம்மா விஷயத்தில் நான் கவனிப்பது வேறொன்று. வாய் நோகிறது என்று சோற்றைப் பாதியாகக் குறைத்துவிட்டு, சீனிக் குளிசையை மட்டும் வழமைபோலப் போடுவார்கள். மத்தியானம் வியர்த்துக் கை நடுங்கி விழுவார்கள். எதிர்ப்பக்கமும் உண்டு: நாள் முழுக்கக் கஞ்சியும் சீனி போட்ட பாலும் குடித்து அளவு ஏறிவிடும். வீட்டில் மெஷின் இருந்தால் இந்த ஒரு மாதம் அடிக்கடி குத்திப் பாருங்கள். எச்பிஏ1சி என்ற மூன்று மாதச் சீனிச் சோதனை 7 அளவில் இருந்தால் எனக்கு நிம்மதி. 8ஐத் தாண்டியிருந்தால் முதலில் சீனி வைத்தியரைப் பாருங்கள், காயம் ஆறுவதும் எலும்பு பிடிப்பதும் அதில்தான் தங்கியிருக்கிறது.

நோவு வந்தால் பனடோல் இரண்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம், ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் போகாமல். பாமசியில் போய் "பல் நோவுக்கு நல்லதா ஒன்று தாங்கோ" என்று கேட்டால் ஐபுபுரூபனையோ டைக்ளோஃபெனக்கையோ எடுத்து நீட்டுவார்கள், கேட்டால் அன்டிபயோட்டிக்கும் தருவார்கள். சீட்டில்லாமல் இவை இப்படிக் கை மாறுவதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. பிரஷரும் சீனியும் உள்ளவரின் சிறுநீரகத்தை அந்த நோவுக் குளிசைகள் கெடுக்கும். கொழும்பில் இருக்கிறீர்கள், அதனால் இன்னொன்றும் சொல்ல வேண்டும்: காய்ச்சல் வந்தால் பல்லால் வந்தது என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். டெங்குவாக இருந்தால் ஐபுபுரூபன், டைக்ளோஃபெனக், அஸ்பிரின் எல்லாம் இரத்தக்கசிவைக் கூட்டும். பனடோல் மட்டும் கொடுத்து, வைத்தியரைக் கண்டு இரத்தம் சோதியுங்கள். இதயத்துக்கென்று ஏற்கெனவே தினமும் அஸ்பிரின் போடுகிறார் என்றால் அதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம், உடனே வைத்தியரிடம் கேளுங்கள்.

சரி, அடுத்த மாதம் பல் பூட்டலாமா? கூடாது.

எலும்பு எப்படிப் பிடிக்கிறது என்ற நுணுக்கத்துக்குள் போகவில்லை. வேலிக்குக் கதியால் நட்டுப் பார்த்திருப்பீர்கள். நட்ட அன்று இறுக்கித்தான் நிற்கும், ஏனென்றால் மண்ணை மிதித்து இறுக்கியிருக்கிறோம். வேர் விடுகிற நேரத்தில் மாடு வந்து உரசி ஆட்டினால் கதியால் பட்டுப்போகும். இம்பிளான்டும் அப்படித்தான். முதல் நாள் திருகின் இறுக்கத்தில் நிற்கிறது. மூன்றாம் நான்காம் கிழமையில் அந்தப் பழைய பிடி தளர்ந்திருக்கும், புது எலும்பு முழுதாக வந்திருக்காது. நோவே இருக்காது, அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைப்போம். அந்த நேரத்தில் பல்லைப் பூட்டிக் கடிக்க விட்டால், ஒரு மயிரிழை அளவு அசைவே போதும். எலும்புக்குப் பதில் சதை வளர்ந்து சுற்றிக்கொள்ளும். பிறகு கழற்றி எறிவதைத் தவிர வழியில்லை. 1965இல் முதல் நோயாளிக்கு இதைச் செய்த சுவீடன் பேராசிரியர் பிரோனமார்க் வகுத்த முறையில் கீழ்த் தாடைக்கு மூன்று மாதத்துக்குக் குறையாமல், மேல் தாடைக்கு ஆறு மாதம் காத்திருந்தார்கள். இப்போது திருகின் மேற்பரப்பு மேம்பட்டிருக்கிறது, உண்மைதான். ஆனால் 64 வயது, சீனி வருத்தம், கடிக்கும் பாரம் முழுக்க விழும் கொடுப்புப் பல். உங்கள் அம்மாவுக்கு மூன்று மாதத்துக்கு முன் பூட்ட நான் சம்மதிக்க மாட்டேன். கலியாணப் படத்தில் கீழ்க் கொடுப்புப் பல் தெரியாது.

அடுத்த மாதம் வாருங்கள் என்று சொன்னது வைத்தியரா, ஒழுங்கு செய்தவரா? உங்கள் கடிதத்தின்படி ஒழுங்கு செய்தவர். டிக்கெட், அறை, வான், பல் எல்லாம் சேர்த்து ஒரு தொகை பேசுகிறவருக்கு இரண்டாவது பயணம் எவ்வளவு கெதியில் நடக்கிறதோ அவ்வளவு நல்லது. எலும்பு பிடித்ததா இல்லையா என்பது அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை. சென்னையில் மிகத் திறமான வைத்தியர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கைவேலையை நான் பார்த்திருக்கிறேன். குறை அங்கே இல்லை, நடுவில் நிற்கிற ஆளிடம் இருக்கிறது. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் விடுமுறைக்கு வருகிறவர்களைக் கொழும்பில் பிடித்து இதே வேலையைச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். "மூன்று நாளில் முழு வாய்" என்பார்கள். பல் வைத்தியரின் பெயரைக் கேட்டால் "பெரிய டொக்டர்" என்பதோடு முடியும். இலங்கையில் யார் உங்கள் வாயில் கை வைத்தாலும் அவர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவராக இருக்க வேண்டும். பெயரையும் பதிவு இலக்கத்தையும் கேட்பது மரியாதைக் குறைவல்ல.

என்னிடம் வந்த ஒருவருக்கு நான்கு வருடத்துக்கு முன் வேறெங்கோ வைத்த இம்பிளான்டில் பல் ஆடத் தொடங்கியிருந்தது. உள்ளே ஒரு சிறு திருகு தளர்ந்திருக்கிறது, இறுக்கினால் சரி. ஆனால் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு சாவி. அவருக்குக் கம்பெனியின் பெயர் தெரியாது, ஒழுங்கு செய்தவரின் தொலைபேசி வேலை செய்யவில்லை. எக்ஸ்ரேயை வைத்து ஊகித்து, சாவி தேடி, பத்து நிமிட வேலைக்கு ஐந்து கிழமை அலைந்தார். ஒவ்வொரு இம்பிளான்டும் வரும் பெட்டியில் கம்பெனி, விட்டம், நீளம், தொகுதி இலக்கம் போட்ட ஸ்டிக்கர் இருக்கும். ஒன்றை வைத்தியர் தன் கோப்பில் ஒட்டுவார், மற்றது நோயாளிக்கு வர வேண்டும். கேட்காவிட்டால் தருகிறவர்கள் குறைவு. ஒரு ஃபிரிட்ஜ் வாங்கினாலே உத்தரவாத அட்டை தருகிறார்கள், தாடை எலும்புக்குள் வைக்கும் பொருளுக்கு ஒரு துண்டுத் தாள் இல்லை! நாளைக்கே அந்தச் சென்னை கிளினிக்குக்கு நீங்களே நேரடியாக எழுதுங்கள். இரண்டு இம்பிளான்டின் ஸ்டிக்கர் படம், வைத்த அன்று எடுத்த எக்ஸ்ரே, வைத்தியரின் பெயர், பல் பூட்ட அவர் சொல்லும் காலம். ஒழுங்கு செய்தவரிடம் சொல்லி வாங்கித் தரக் கேட்காதீர்கள்.

ஒரு விடயத்தை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அம்மா கிழமைக்கு ஒரு தரம் மட்டும் போடுகிற குளிசை ஏதாவது இருக்கிறதா? காலையில் வெறும் வயிற்றில், ஒரு கிளாஸ் நிறையத் தண்ணீரோடு, அரை மணி நேரம் படுக்காமல் இருக்கச் சொல்லித் தருவார்கள். எலும்பு பலவீனத்துக்கான அலென்ட்ரோனேட் அது. "என்ன மருந்து எடுக்கிறீர்கள்" என்று கேட்டால் தினமும் போடுவதை மட்டும் சொல்வார்கள், கிழமைக்கு ஒன்று போடுவது நினைவில் வராது. சிலருக்கு வருடத்துக்கு ஒரு தரம் சேலைனில் ஏற்றுவார்கள், சிலருக்கு ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி. ஊசியை மருந்தாகவே யாரும் எண்ணுவதில்லை. இந்த மருந்துகள் எடுப்பவர்களில் சிலருக்குத் தாடைக் காயம் ஆறாமல் எலும்பு வெளியே தெரிந்துகொண்டே இருக்கும். குளிசை எடுப்பவர்களில் இது அரிது, புற்றுநோய்க்காக அதிக அளவில் ஏற்றுகிறவர்களுக்கு ஆபத்து மிக அதிகம். எடுக்கிறார் என்றால் பதறி நிறுத்தாதீர்கள். குளிசை எலும்பில் வருடக்கணக்கில் தங்கியிருக்கும், இன்று நிறுத்துவதால் இன்று ஒன்றும் மாறாது. ஆறு மாத ஊசியைத் தவறவிட்டாலோ முதுகெலும்பு நொறுங்கும் ஆபத்து உண்டு. செய்ய வேண்டியது இதுதான்: தையல் எடுப்பவரிடம் சொல்லுங்கள், சென்னை வைத்தியருக்கும் எழுதுங்கள், எட்டுக் கிழமை வரை முரசு முழுதாக மூடியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இன்றே அம்மாவிடம் இன்னொன்று கேளுங்கள்: வலப்பக்கக் கீழுதடும் நாடியும் விறைத்த மாதிரி இருக்கிறதா? விறைப்பு ஊசியின் வேலை அன்றைக்கே முடிந்துவிடும். பதினொரு நாளாகியும் விறைப்பு இருந்தால் நரம்பு நசிந்திருக்கலாம். அது முதல் நாளிலேயே பார்த்திருக்க வேண்டியது, இனி ஒரு நாளும் தள்ளாமல் வாய், தாடை, முக அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் போங்கள். வாய் திறக்கவோ விழுங்கவோ கஷ்டம், நாடிக்குக் கீழே வீக்கம் என்றால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு.

நூல் எடுக்கப் போகும்போது அம்மாவின் குளிசைகளைப் பெட்டியோடு ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள், பெயர் எழுதிக் கொண்டு போக வேண்டாம். அந்த நேரத்திலேயே, உள்ளூரில் அம்மாவை மூன்று மாதமும் பார்க்க அந்த வைத்தியர் சம்மதிப்பாரா என்று கேட்டுவிடுங்கள். ஒத்துக்கொண்டால், மூன்றாம் மாதம் அவரிடமே ஒரு எக்ஸ்ரே எடுத்து அனுப்பிய பிறகு சென்னைக்கு டிக்கெட் போடலாம்.