வெள்ளைக் கல்லும் சவரக் கத்தியும்

அன்புள்ள ஐயா,

வீட்டுக் கத்திகளைத் தீட்டுவதற்கென்று வெள்ளை செராமிக் கல் ஒன்று வாங்கினேன். மிக நைசான ரகம். காய்கறிக் கத்திக்கு அதில் அருமையான கூர் வருகிறது. அந்தத் துணிச்சலில், பழைய சாமான் கடையில் கிடைத்த மடக்குச் சவரக் கத்தியையும் அதில் தீட்டத் தொடங்கினேன். எவ்வளவு தேய்த்தாலும் கன்னத்தில் இழுக்கிறது, எரிகிறது. தண்ணீரில் நனைத்துத் தீட்டும் தண்ணீர்க் கல் இல்லாமல் முடியாது என்கிறார் ஒரு நண்பர். தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடு என்கிறார் இன்னொருவர். கல்லை மாற்றுவதா, கத்தியை மாற்றுவதா?

ச., கொளத்தூர்

அன்புள்ள ச.,

இரண்டையும் மாற்ற வேண்டாம். ஆனால் சாணைக்காரரிடம் மட்டும் அந்தக் கத்தியைக் கொடுத்துவிடாதீர்கள். அரிவாள்மனைக்கும் கத்தரிக்கோலுக்கும் அவரை விட்டால் ஆள் கிடையாது. அவருடைய கைவேலை மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. சவரக் கத்தியின் சங்கதி வேறு. இரு பக்கமும் குழிவாகக் கடைந்திருப்பதால் அதன் வாய்ப்பகுதி மிக மெலிந்திருக்கும். சுழலும் கல்லில் பட்டதும் அங்கே சூடு ஏறிவிடும். பழைய சவரக் கத்திகளின் கார்பன் எஃகு 200 டிகிரி செல்சியசைத் தாண்டினால் பதம் இழக்கத் தொடங்கும். நீலம் பாரித்த இடத்தில் பிறகு கூர் நிற்காது.

உங்கள் கல்லுக்கு வருகிறேன். செராமிக் என்ற பெயரில் இரண்டு வகைக் கற்கள் விற்கிறார்கள். ஜப்பானிய ஷாப்டன் போன்றவற்றில் உராய்வுத் துகள்களைப் பசைபோன்ற ஒரு பொருளால் பிணைத்திருப்பார்கள். தேய்க்கத் தேய்க்க மேற்பரப்பு கரைந்து புதுத் துகள் வெளிவரும். உங்களுடையது அதுவல்ல என்று நினைக்கிறேன். நீங்கள் சொல்லும் வெள்ளைக் கல், அமெரிக்க ஸ்பைடர்கோ நிறுவனத்தின் கற்களைப் போல, அலுமினியம் ஆக்சைடு தூளைச் சூளையில் சுட்டு ஒரே கட்டியாக்கியது. மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 9, வைரத்துக்கு 10. அதனால்தான் அது எளிதில் தேய்வதில்லை, பள்ளம் விழுவதில்லை. புதுத் துகள் வெளிவராததும் அதனால்தான். நைசான ரகம் எஃகை மிக மெதுவாகவே அரிக்கும். கூர் வந்துவிட்ட விளிம்பை மெருகேற்றத்தான் அந்தக் கல். மழுங்கிய சவரக் கத்தியை அதில் தேய்ப்பது குத்தாத நெல்லைப் புடைப்பது போல.

பழைய சாமான் கடையில் வாங்கிய கத்தி என்கிறீர்கள். அநேகமாக அதன் இரு பக்கச் சாய்வுகளும் நுனியில் சந்திக்கவே இல்லை. கறுப்பு மார்க்கர் பேனாவால் வாயின் இரு பக்கமும் மை பூசுங்கள். கல்லில் மெதுவாக இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, நகைத் தொழிலாளர்கள் கண்ணில் வைத்துக்கொள்ளும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். நுனியோரம் மை அழியாமல் இருந்தால் கல் அங்கே தொடவில்லை என்று பொருள். அப்படியானால் நண்பர் சொன்னது சரி: 1000 கிரிட் (இந்த எண் கூடக் கூடக் கல் நைசாகும்) தண்ணீர்க் கல்லில் சாய்வைச் சரிசெய்து, 4000, 8000 என்று ஏறி, கடைசியாக உங்கள் வெள்ளைக் கல்லுக்கு வர வேண்டும். முதல் கட்டத்தில்தான் நேரம் பிடிக்கும். அங்கே அவசரப்பட்டால் பின்னால் வரும் எந்தக் கல்லும் ஈடுகட்டாது.

அதே கல்லில் காய்கறிக் கத்தி மட்டும் எப்படிக் கூரானது? அது முன்பே ஓரளவு கூராக இருந்திருக்கும். இன்னொரு காரணமும் உண்டு. காய்கறிக் கத்தியைப் பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி சாய்த்துக் கையால் பிடிக்கிறோம். ஒரு மெல்லிய கோடுதான் கல்லைத் தொடுகிறது. சவரக் கத்தியைப் படுக்கவைத்து, முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் பட இழுக்கிறோம். முதுகின் கனமே கோணத்தைத் தீர்மானிக்கிறது, இரு பக்கமும் சேர்த்துச் சுமார் 16 டிகிரி. ஆகவே கல் துல்லியமாகச் சமமாக இருந்தாக வேண்டும். இவ்வகைக் கற்கள் சூளையிலேயே லேசாக வளைந்துவிடுவதுண்டு. கல்லின் மேல் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, வைரத்தூள் பதித்த சமதளத் தகட்டில் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். கோடு அழியாத இடம் பள்ளம். எல்லாக் கோடுகளும் அழியும் வரை தேய்க்க வேண்டும். கை வலிக்கும் வேலைதான், ஆனால் ஒருமுறை செய்தால் பல ஆண்டுகளுக்குப் போதும்.

தீட்டும்போது கத்தியின் எடையே போதும், விரலால் அழுத்தக் கூடாது. இவ்வளவு கடினமான கல்லில் அழுத்தினால் மெல்லிய விளிம்பு நுண்ணிய பற்களாகப் பெயரும். கன்னத்தில் எரிச்சல் அதனாலும் வரலாம். கல்லை நனைக்காமலும் தீட்டலாம் என்பார்கள். சவரக் கத்திக்கு நான் தண்ணீரும் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவமும் விடுகிறேன், எஃகுத் தூள் கல்லில் ஒட்டாமல் மிதக்கும். கல் கறுத்துப்போனால் சபீனா தூளும் நைலான் நாரும் போதும். வாய் முன்னால் போகும்படி கல்லில் இழுங்கள்; திருப்பும்போது முதுகின் மேல் புரட்டுங்கள். பிறகு தோல் வாரில், முதுகு முன்னால் போகும்படி, ஐம்பது இழுப்பு.

இதையெல்லாம் முன்பு தெருமுனை சலூனிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் சென்னையில்தான், 1986இல், கண்டறியப்பட்டது. அந்த அச்சம் பரவிய பிறகு சலூன்கள் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளேடுக்கு மாறின. அது மிகச் சரியான மாற்றம். ஆனால் தோல் வாரும் தீட்டும் கைப்பழக்கமும் கூடவே போய்விட்டன. உங்கள் கத்தியையும் வீட்டில் வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள்.

காய்கறிக் கத்திக்கு இவ்வளவு மெருகு தேவையே இல்லை. மெருகு கூடினால் தக்காளித் தோலில் வழுக்கும். கார்பொரண்டம் கல்லின் நைசான பக்கத்தில் தீட்டி, வெள்ளைக் கல்லில் நான்கைந்து இழுப்பு இழுத்தால் போதும். சென்னைக்காரர்களுக்குக் கார்பொரண்டம் கல் அந்நியமில்லை. கார்பொரண்டம் யுனிவர்சல் நிறுவனம் 1954இல் தொடங்கியது இங்கேதான். சவரக் கத்தியை மட்டும் அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

நம் ஊர்க் கடற்காற்றுக்குக் கார்பன் எஃகு ஒரே இரவில் துருப்பிடிக்கும். ஒவ்வொரு முறையும் துடைத்துத் தையல் மிஷின் எண்ணெய் தடவி வையுங்கள்.

1000 கிரிட் கல் வாங்கச் செலவு செய்வதற்கு முன் கத்தியை ஒருமுறை வெயிலில் பிடித்துப் பாருங்கள். வாயில் மயிரிழை விரிசல் தெரிந்தால் அதைத் தீட்டவே வேண்டாம், முகத்தருகே கொண்டுபோகவும் வேண்டாம். விரிசல் இல்லாமல், முதுகு மட்டும் ஒரு பக்கம் அதிகம் தேய்ந்திருந்தால், இரு பக்கத்தையும் படமெடுத்து அனுப்புங்கள். முதுகில் இன்சுலேஷன் டேப் ஒட்டிச் சரிக்கட்ட முடியுமா என்று பார்த்து எழுதுகிறேன்.